வளர்ற பிள்ளைக்கு எடுத்த கோட்

முதுகுத் தையல் விட்ட சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. 2024 நவம்பர், காலை எட்டரை மணி, குன்னூரிலிருந்து ஊட்டி போகும் பஸ். உட்கார இடமில்லை. வளைவில் வண்டி திரும்பும்போது மேல்கம்பியை எட்டிப் பிடித்தேன். தோள்பட்டைகளுக்கு நடுவில் டர்ர் என்றது. பின்னால் நின்ற அம்மா ஒருவர், "தம்பி, கோட்டு கிழிஞ்சிருச்சு" என்று அக்கறையாகச் சொன்னார், பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்கிற மாதிரி. அருவங்காட்டிலிருந்து ஊட்டி வரைக்கும் பையை முதுகில் மாட்டிக்கொண்டே நின்றேன்.

அந்தக் கோட் வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த பிப்ரவரியில் கோத்தகிரியில் சித்தப்பா மகள் கல்யாணம். அதற்குள் உடம்போடு ஒட்டி நிற்கிற ஒரு கோட் வேண்டும். உடம்போ மாதாமாதம் மாறிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டிலிருந்து ஆரம்பித்து மூன்று கோட்டுகளோடு மல்லுக்கட்டிய கதைதான் இது.

சொல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர்த் தையல்கடையில் போய் "ஜாக்கெட் ஆல்டர் பண்ணணும்" என்றால், "யாருக்கு? சேலை கொண்டுவந்திருக்கீங்களா?" என்பார்கள். ஜிப் வைத்தது ஜெர்கின், காலரும் பட்டனும் வைத்தது கோட். நான் பேசுவது கோட் பற்றி. ஜெர்கினாக இருந்தால் இவ்வளவு வம்பு கிடையாது, ஒரு சைஸ் கூட எடுத்துக்கொண்டு உள்ளே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டால் முடிந்தது.

2024 ஜனவரியில் ஜிம்மில் சேர்ந்தபோது நான் 61 கிலோ, உயரம் 172 சென்டிமீட்டர். மார்புச் சுற்றளவு 35½ அங்குலம், இடுப்பு 30, ஷோல்டர் 17, புஜம் 11½. தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை எடை எழுதுவது என் வேலை. எதைக் கண்டாலும் நோட்டில் குறித்துவைக்கிற புத்தி அதனால் வந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு டேப் எடுத்துவிடுவேன். ஜூலையில் மார்பு 37½, நவம்பரில் 38¾, 2025 ஜனவரியில் 39. எடை 68. இடுப்பு மட்டும் ஒன்றரை அங்குலம் கூடி 31½. முதல் பத்து மாதம் காட்டாறு மாதிரி ஏறிய அளவு, அதன்பிறகு ஓடையாகிவிட்டது. புதிதாக எடை தூக்க ஆரம்பிக்கிற எல்லோருக்கும் ஏறத்தாழ இப்படித்தான், முதல் வருஷ வளர்ச்சி பிறகு வராது. இதை அப்போதே உட்கார்ந்து யோசித்திருந்தால் ஒரு கோட்டின் காசாவது மிஞ்சியிருக்கும்.

முதல் கோட்டில் செய்த தப்பு இது. ஜூலையில் என் மார்பு 37½. ஆன்லைனில் ஒரு கடையின் அளவுப் பட்டியலில் 40 சைஸுக்கு நேராக மார்பு 40 என்று போட்டிருந்தது. சரி, வளர்வதற்கு இரண்டரை அங்குலம் இடம் இருக்கிறது என்று வாங்கிவிட்டேன். வழக்கமாகக் கோட்டில் எழுதியிருக்கும் எண் உடம்பின் அளவு. 40 என்றால் மார்பு 40 இருக்கிறவருக்கான கோட், துணியை அளந்தால் 43, 44 வரும். அந்த இடைவெளி மூச்சு விட, கை அசைக்க, உள்ளே சட்டை இருக்க. இந்தக் கடையின் பட்டியலோ துணியின் அளவு. அதாவது என் உடம்புக்கும் கோட்டுக்கும் நடுவில் ஆரம்பத்திலேயே இருந்தது இரண்டரை அங்குலம்தான், நவம்பரில் ஒன்றேகால். பஸ்ஸில் கையைத் தூக்கினால் கிழியாமல் என்ன செய்யும்? எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அது உடம்பளவா துணியளவா என்று முதலில் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால், வீட்டில் ஏற்கெனவே சரியாக இருக்கும் கோட் ஒன்றைத் தரையில் விரித்து, பட்டன் போட்டு, அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்கினால் ஒப்பிடுவதற்கு ஒரு துணியளவு கிடைத்துவிடும்.

இரண்டாவது தப்பு இதைவிட மோசம். 40 கிழிந்துவிட்டதா, அப்படியானால் நான் 42, இன்னும் வளரத்தானே போகிறேன் என்று வேறொரு கடையில் 42 எடுத்தேன். 3,400 ரூபாய். அது நியாயமான 42, அதாவது எழுதியிருக்கும் எண் உடம்பளவு. ஷோல்டர் 19 அங்குலம். போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "டேய், இது வளர்ற பிள்ளைக்கு யூனிஃபார்ம் எடுத்த மாதிரி இருக்கு" என்றார். எனக்கு வயது 29.

பத்து நாள் போகட்டும், உடம்பு ஏறினால் சரியாகிவிடும் என்று வைத்திருந்ததில் திருப்பி அனுப்பும் தேதியும் போய்விட்டது. ஆறு மாதம் பெட்டியில் வைத்துப் பார்க்கலாம் என்றாலும் மலையில் அது நடக்காது. மழைக்காலத்தில் குன்னூரில் பீரோவுக்குள் வைத்த கம்பளித் துணி காலரோரம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிடும். நாளைய உடம்புக்கு இன்றே துணி வாங்கி வைப்பது சமவெளிக்காரர்களுக்கு வேண்டுமானால் சரிப்படலாம்.

டிசம்பரில் வெலிங்டன் போனேன். மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் அங்கேதான் இருக்கிறது, அதனால் பட்டாளத்துத் துணி தைத்துப் பழகிய கைகள் அந்தப் பக்கம் உண்டு. எனக்குத் தெரிந்த மாஸ்டர் ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேல் யூனிஃபார்ம் தைத்தவர். இப்போது கண் சரியில்லை, புதுக் கோட் எடுப்பதில்லை. அளவு மட்டும் எடுத்துத் தாருங்கள் என்றேன்.

"ஜிம்முல இருந்து நேரா வர்றீங்களா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப நாளைக்கு வாங்க. இன்னைக்கு எடுத்தா இரும்புக்குத்தான் அளவு."

அவர் சொன்னது பம்ப் பற்றி, அதாவது எடை தூக்கிய கையோடு தசை தற்காலிகமாகப் புடைத்து நிற்பது. பெஞ்ச் பிரஸ்ஸும் ரோயிங்கும் செய்த கையோடு டேப் வைத்தால் எனக்கு மார்பில் முக்கால் அங்குலம், புஜத்தில் அரை அங்குலம் கூடக் காட்டும். இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். மழைநாளில் வரும் இலைக்குத் தண்ணீர்க் கழிவு போடாமல் எழுதினால் எங்கள் கணக்கு என்னவாகும்? அதே கதைதான். ஓய்வு நாள் காலையில் அளப்பதே நிஜ எடை.

மறுநாள் போனேன். டேப்பை அக்குளுக்குக் கீழே கொடுத்து, முன்னால் மார்பின் மேட்டிலும் பின்னால் தோள்பட்டை எலும்பின் மேலும் தரைமட்டமாக வைத்தார். "மூச்சை இழுங்க." 41½. "விடுங்க." 39. சிரித்தார். "பட்டாளத்துக்கு 5 சென்டி விரிஞ்சா போதும், நீங்க பாஸ். ஆனா கோட்டுக்கு விட்ட மூச்சுதான் கணக்கு." கண்ணாடி முன்னால் நிற்கும்போது நம்மை அறியாமல் விங்ஸை, அதாவது அக்குளோர முதுகுத் தசையை, விரித்து நிற்போம், அதையும் கவனித்து என் கையைத் தட்டிக் கீழே தொங்கவிட்டார். அப்புறம் மற்ற தையல்காரர்கள் எனக்கு எடுத்தே பார்க்காத ஓர் அளவை எடுத்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வண்டி ஓட்டுகிற மாதிரி வைக்கச் சொல்லி, முதுகின் குறுக்கே ஒரு அக்குள் மடிப்பிலிருந்து மறு அக்குள் மடிப்பு வரை. கையைத் தொங்கவிட்டபோது 16 இருந்தது. நீட்டியதும் 18½.

"உங்களுக்குக் கிழிஞ்சது மார்புல இல்ல, இங்க" என்று முதுகில் விரலால் ஒரு கோடு போட்டார்.

பட்டாளத்தில் சேரும் பையன்கள் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குப் பிரயோசனப்பட்டது. ஒட்டிய நெஞ்சோடு வருவான், சில மாதத்தில் முதுகு விரிந்து நிற்பான். அதற்காகப் பெரிய சட்டை தைத்துக் கொடுத்தால் பரேடில் தொளதொளவென்று தெரியும். அதனால் இன்றைய உடம்புக்கே வெட்டி, பக்கத் தையலிலும் நடுமுதுகிலும் உள்ளே துணி விட்டுவைப்பாராம். "வளர்றதுக்கு இடம் உள்ள இருக்கணும் தம்பி, வெளிய தெரியக்கூடாது."

இதைக் கேட்டதும் எங்கள் அம்மாவின் கால்சட்டை வித்தை ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட டிரவுசரில் கீழே நான்கு விரல் மடித்துத் தைத்திருப்பார். ஜூன் மாதம் வந்தால் ஒரு மடிப்பு பிரிபடும். பழைய மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் சாயம் போகாமல் ஒரு கருநீலக் கோடு, எத்தனையாவது படிக்கிறோம் என்பதை அந்தக் கோடுகளை எண்ணியே சொல்லிவிடலாம்.

மூன்றாவது கோட்டுக்கு ஊரில் ஒரு கடை விடாமல் போட்டுப் பார்த்தேன். சைஸ் 40, நியாயமான 40. துணியளவு மார்பில் 43½, ஷோல்டர் 18. என் ஷோல்டர் அப்போது 17½. ஷோல்டர்தான் முதல் சோதனை, அது சரியில்லை என்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம். கோட்டின் கையைப் பிரித்து, தோளுக்குள் இருக்கும் பேடை எடுத்து, மறுபடி ஏற்றுவது பெரிய வேலை, கூலி கோட்டின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். சுவரோரம் பக்கவாட்டில் நின்று மெதுவாகச் சாயுங்கள். உங்கள் புஜத்துக்கு முன்னால் கோட்டின் தோள் சுவரில் பட்டால் அது பெரியது. தோளுக்குக் கீழே கையின் தொடக்கத்தில் குழி விழுந்தால் சின்னது, உள்ளே இருக்கும் தசை பேடைத் தாண்டித் தள்ளுகிறது என்று அர்த்தம். தோள் எலும்பு இனி அகலமாகப் போவதில்லை, மேலே தசை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் எனக்கு ஏறியது மொத்தம் அரை அங்குலம். அதனால் ஷோல்டரில் வளர்ச்சிக்கு இடம் விடுவது வீண்.

அப்புறம் கழுத்து. டெட்லிஃப்ட் போட்டுப் போட்டு கழுத்தோரத் தசை மேடாகிவிட்டால் கோட்டின் காலர் பின்கழுத்தை விட்டு எழும்பி நிற்கும். கண்ணாடியில் முன்னால் பார்த்தால் தெரியாது, யாரையாவது பின்னாலிருந்து போட்டோ எடுக்கச் சொல்ல வேண்டும். நான் போட்ட ஒரு கோட்டில் சட்டைக் காலருக்கும் கோட் காலருக்கும் நடுவில் ஒரு விரல் போகும் இடைவெளி. அழகான சாம்பல் நிறம், விட்டுவிட மனசே இல்லை, விட்டுவிட்டேன். பட்டன் போட்டதும் வயிற்றின்மேல் பெருக்கல் குறி மாதிரிச் சுருக்கம் விழுகிறதா, புஜத்தில் துணியைக் கிள்ளினால் ஒரு அங்குலமாவது பிடிபடுகிறதா, இவையெல்லாம் சட்டென்று பார்த்துவிடலாம். கடைசியாகக் கையை முன்னால் நீட்டி வண்டி ஓட்டிப் பார்த்தேன். கடைப்பையன் சிரித்தான்.

இந்த ஊருக்கென்று இன்னொரு கணக்கு உண்டு. வெறும் உடம்பில் 39, குளிருக்கு உள்ளே போடும் தெர்மல் பனியனும் சட்டையும் போட்டால் 39¾, பெரியம்மா பின்னிய ஸ்வெட்டரையும் போட்டால் 41. தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி படிகிற ஜனவரியில் ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியாதுதான். ஆனால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கோட் பொருத்தமாக இருக்க வாய்ப்பில்லை. தெர்மல், சட்டை வரைக்கும் என்று முடிவு செய்தேன். அதற்குமேல் குளிர்ந்தால் ஜெர்கின்.

வாங்குவதற்கு முன் உள்ளே கையை விட்டு நடுமுதுகுத் தையலை லைனிங்கோடு சேர்த்து விரலால் தடவினேன். உள்ளே மடிந்திருக்கும் துணியின் ஓரம் மேடாகத் தட்டுப்படும். தையலிலிருந்து அந்த மேடு வரைக்கும் இருப்பதுதான் நமக்குச் சொந்தமான நிலம். பல ரெடிமேடில் கால் அங்குலத்தில் ஓவர்லாக் அடித்து முடித்துவிட்டிருக்கிறார்கள். இதில் முக்கால் இருந்தது. எடுத்துவிட்டேன். தோல் கோட் வாங்குகிறவர்களுக்கு இந்த நிலமே கிடையாது, உள்ளே தோல் இருந்தாலும் பிரித்தால் பழைய ஊசித் துளை அப்படியே நிற்கும். துணியில் ஆவி காட்டித் தேய்த்தால் துளை பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

பாக்கி இருந்தது இடுப்பு. கோட்டின் இடுப்பு துணியளவில் 39, எனக்கு இருப்பது 31½. ரெடிமேட் கோட்டை மார்புக்கும் இடுப்புக்கும் ஆறு அங்குல வித்தியாசம் என்று கணக்குப் போட்டு வெட்டுவதுதான் வழக்கம். எடை தூக்குகிறவனுக்கு எட்டு கூட வரும். மார்பு அளவு பார்த்து வாங்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மாற்றிச் செய்ய முடியாது. இரண்டு பக்கமும் ஒரு அங்குலம், நடுமுதுகில் இடுப்புப் பகுதியில் மட்டும் அரை, மொத்தம் இரண்டரை. அதற்குமேல் பிடித்தால் பாக்கெட் இரண்டும் பின்னால் நகர ஆரம்பிக்கும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. அம்மாவின் கால் மெஷின். ஊசி 14ஆம் நம்பர். எல்லநள்ளியில் 1949இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் தயாரிக்கும் போனி ஊசியைத்தான் எங்கள் வீட்டில் காலங்காலமாக வாங்குவது, பஸ்ஸில் போனால் தொழிற்சாலையே வழியில் வரும். கோட்டின் அடிப்பக்கம் லைனிங்கை ஆறு அங்குலம் மட்டும் பிளேடால் பிரித்து, உட்புறத்தை அந்த ஓட்டை வழியாக வெளியே இழுத்தேன். ஆட்டுக்குடல் கழுவுகிற மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். சாக்கால் கோடு போட்டு, கையால் நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டு, திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மெஷின். அங்குலத்துக்குப் பத்துத் தையல்.

முதல் முறை சொதப்பல். அக்குளிலிருந்து கீழே வெட்டு தொடங்கும் இடம் வரை ஒரே நேர்கோடாகப் பிடித்துவிட்டேன். முன்னால் பார்த்தால் பிரமாதம். பின்னால் இரண்டு ஓரத்திலும் அடியில் தைக்காமல் விட்டிருக்கும் வெட்டு இரண்டும் மீன் வாய் திறந்த மாதிரி விரிந்து நின்றது. ஒரு வருஷமாக ஸ்குவாட் போட்டதில் பிட்டமும் தொடையும் ஏறியிருந்ததை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. முழுக்கப் பிரித்தேன். இந்தத் தடவை அக்குளுக்கு இரண்டு அங்குலம் கீழே ஆரம்பித்து, இடுப்பில் முழு அளவு பிடித்து, வெட்டு தொடங்குவதற்கு முன்பே பழைய தையலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். வயிறு உள்வாங்கிய குடம் மாதிரி ஒரு வளைவு. வெட்டு மூடிக்கொண்டது. உள்ளே மிஞ்சிய துணியை வெட்டவில்லை, கத்தரியை எடுத்த அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன் என்று சொல்லலாம். ஈரத்துணி போட்டுத் தையலை இரண்டு பக்கமும் விரித்துத் தேய்த்து, லைனிங்கைக் கையால் மூடினேன். முன்பக்கம் இஸ்திரியைக் கொண்டுபோகவில்லை. அங்கே உள்ளே பசையால் ஒட்டியிருப்பதால் சூடு அதிகமானால் கொப்புளம் விடும். மொத்தம் ஐந்து மணி நேரம், அதில் இரண்டு மணி நேரம் என் மீன் வாய்க்கு.

கல்யாணத்தில் கோட் நன்றாகவே நின்றது. பந்தியில் இலைக்குக் குனிந்தபோது பட்டனைக் கழற்றிவிட்டேன், அதை யாரும் பார்க்கவில்லை.

2025 ஆகஸ்டில் மார்பு 39¾. முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே குறுக்கு மடிப்பு ஒன்று விழ ஆரம்பித்திருந்தது. சேர்த்துவைத்த நிலத்தில் கைவைக்கும் நேரம். நடுமுதுகுத் தையலை மேல்பாதி மட்டும் பிரித்து, பக்கத்துக்கு கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, காலரை நெருங்க நெருங்கக் குறைத்துப் பழைய தையலில் முடித்தேன். மொத்தம் கிடைத்தது அரை அங்குலத்துக்குச் சற்று மேல். பழைய தையல் இருந்த இடத்தில் வரிசையாகத் துளைகள். ஆவி காட்டி, நகத்தால் லேசாகச் சுரண்டியதில் மறைந்துவிட்டன. ஆனால் வெயில் படாத அந்தத் துணி மற்றதைவிடக் கொஞ்சம் கறுப்பு. கிட்டே வந்து பார்த்தால் முதுகில் ஒரு மெல்லிய கோடு தெரியும். உள்ளே இன்னும் கால் அங்குலத்துக்குமேல் இருக்கிறது. நோட்டில் உள்ள வேகத்தைப் பார்த்தால் அது தீர நாளாகும்.

42 கோட்டைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார், அவருக்கு வயிறு அதற்கு ஈடு கொடுக்கிறது. கிழிந்த முதல் கோட் பீரோவில் இருக்கிறது, காலரில் எதிர்பார்த்தபடி பூஞ்சை. இப்போதைய கோட்டில் இடது கை லைனிங் மட்டும் புஜத்தில் இழுக்கிறது. வெளித்துணியில் இடம் இருக்கிறது, உள்ளே லைனிங்தான் குறுகல். அக்குள் பக்கம் பிரித்து ஒரு சின்னத் துண்டு வைக்க வேண்டும். மழை விட்டு வெளிச்சம் வந்தால் இந்த ஞாயிறு உட்காரலாம்.